வெள்ளிக்கிழமை காயும் தொட்டி

தொட்டி லாரியில் வந்தது. அதற்குரிய கோப்பு, ஒரு நாள் முன்னதாகவே ஜீப்பில் வந்துவிட்டது. கோப்பு வந்தபோது விருந்தினர் மாளிகையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தொட்டி வந்தபோது எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

போகாமல் நாற்காலியில் இருந்தவன் இளநிலை உதவியாளன் சிவசங்கரன் ஒருவன்தான். கடமை உணர்ச்சி ஒன்றும் காரணமில்லை. பேரையூரில் இருக்கும் மனைவி ஸ்யாமளாவுக்கு அவன் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். லாரிக்காரர் ஒரு தாளை நீட்டினார். கடிதத்தின் அடியில் போடுகிற அதே ஆசையோடு, அதே பேனாவால் அந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

சனி பிடித்தது அந்தக் கையெழுத்தில்தான்.

வாய்க்கால் வேலைக்காக வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினீயர்கள் நாலு பேர், மதுரையில் திருப்பரங்குன்றம் சாலையில் இருந்த அந்த மாளிகையில் இரண்டு வருஷம் தங்கினார்கள். முதுகுவலிக்கு இதமாக இருக்குமென்று தங்கள் ஊரிலிருந்து ஒரு வெந்நீர்த் தொட்டியை வரவழைத்தார்கள். ஆறு பேர் வட்டமாக உட்காரலாம்; கழுத்துவரை வெந்நீர் நிற்கும். துறைமுகத்தில் அந்தத் தொட்டி எதற்கும் அவசரப்படாமல் படுத்துக் கிடந்துவிட்டு, எண்பத்து இரண்டாம் வருஷம் கார்த்திகை மாதம் மதுரைக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் இன்ஜினீயர்கள் முதுகுவலியோடு ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "துறையே அன்போடு வைத்துக்கொள்ளட்டும்" என்று கடிதம் எழுதிவிட்டார்கள்.

விருந்தினர் மாளிகைத் துறைக்கு அன்பு புதிது. அதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று பதினைந்து நாள் யோசித்தது. கடைசியில், "சுழல் வெந்நீர்த் தொட்டி, ஒன்று. பொறுப்பாளர்: சிவசங்கரன்" என்று எழுதியது.

சிவசங்கரனுக்குக் கல்யாணமாகி இரண்டே முக்கால் வருஷம். ஸ்யாமளா பேரையூர் அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். பின்தங்கிய பகுதியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தால்தான் மாற்றல் என்பது அவள் இலாகாவின் சட்டம். இவன் பழங்காநத்தத்தில் ஒரு மாடி அறையில் தனியாக, மண்ணெண்ணெய் அடுப்பில் ரவை கிண்டித் தின்றுகொண்டிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் திங்கள் விடியற்காலை பஸ்ஸில் திரும்ப வேண்டும். சேர்ந்து இருந்த நாட்களை ஸ்யாமளா ஒருநாள் கூட்டிப் பார்த்தாள். நூற்று முப்பத்தொரு நாள்.

"அதுல பதினொரு நாள் உங்களுக்கு மஞ்சக்காமாலை" என்றாள். "அதையும் கழிச்சிருங்க."

பேரையூரில் இதே துறைக்கு ஒரு சின்னப் பயணியர் விடுதி உண்டு. அங்கே இளநிலை உதவியாளர் நாற்காலி மூன்று வருஷமாகக் காலி. சிவசங்கரன் அதற்கு மனு கொடுத்திருந்தான். மண்டல அதிகாரி கைலாசநாதன் கையெழுத்துப் போட்டால் போதும். தொட்டி வந்த வாரம் போடுவதாகவும் இருந்தார். தொட்டி வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"மிஸ்டர் சிவசங்கரன், விதி நூற்றுப் பதினாலு படிச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"பொருள் ஓரிடத்திலும் பொறுப்பாளர் ஓரிடத்திலும் இருத்தலாகாது. தொட்டி இங்க இருக்கு. நீங்க எப்படி அங்க போவீங்க? இந்தத் துறை, மனுஷனைப் பொருள்கிட்ட இருந்து பிரிக்கிற துறை இல்ல."

"என் சம்சாரம் அங்க இருக்கு சார்."

"அது எந்தப் பதிவேட்டுல ஏத்தியிருக்கு?" என்று கைலாசநாதன் உண்மையான அக்கறையோடு கேட்டார். பிறகு கொஞ்சம் இளகினார். "சரி. தொட்டியைத் தயார் பண்ணுங்க. துவக்க விழா முடியட்டும். பார்ப்போம்."

தொட்டியோடு வந்த பெட்டியில் வெள்ளை உப்பு ஒரு புட்டி, ஒரு டஜன் பொடிப் பொட்டலம், சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குழாய், சொட்டு மருந்து ஒரு சீசா, இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாள் எல்லாம் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை தாளை மட்டும் பேரையூருக்கு எடுத்துப் போனான். ஸ்யாமளா பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே அதைப் படித்தாள்.

"இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்லைங்க. புதுசாத் தண்ணி நிரப்பினதும் மொதல்ல இந்த உப்பு. சோடியம் புரோமைடு. அது சும்மாக் கெடக்கும், ஒரு வேலையும் பாக்காது. அப்புறம் பொடி. பொடி போய் உப்பைத் தட்டி எழுப்பும். எந்திரிச்சா அதுக்குப் பேரு புரோமின். அதுதான் கிருமியைக் கொல்றது. வேலை முடிஞ்சதும் மறுபடி உப்பாப் படுத்துக்கும். அடுத்த வாரம் பொடி போட்டா மறுபடி எந்திரிக்கும். தண்ணியை மாத்தாத வரைக்கும் உப்பு ஒரு தடவை போட்டாப் போதும்."

"ஆச்சான்னு எப்படித் தெரியும்?"

"குழாயில தண்ணி எடுத்து சொட்டு மருந்து விடணும். வெள்ளையாவே இருந்தா ஒண்ணும் நடக்கல. மஞ்சளா மாறினா ஆச்சு."

"அப்ப ரெண்டும் ஒரே தண்ணியில இருக்கணும்."

"ஒரே தண்ணியில" என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒண்ணு மதுரையிலயும் ஒண்ணு பேரையூர்லயும் இருந்தா என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது."

அவன் அவளைப் பார்த்தான். அவள் யாரோ ஒரு பிள்ளைக்கு ரொம்பத் தாராளமாக மார்க் போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவன் மதுரை திரும்பியபோது, உப்பும் பொடியும் பண்டக அறைக்குப் போயிருந்தன. பண்டகக் காப்பாளர் ஹாலாஸ்யம் இருபத்தாறு வருஷ சர்வீஸ்காரர். எந்தப் பொருளையும் இருக்க வேண்டிய இடத்தில் வைப்பவர். உப்பு உப்புதானே என்று, அதைச் சமையல் சாமான் அலமாரியில் புளிக்குப் பக்கத்தில் வைத்தார். பொடிப் பொட்டலத்தில் 'ஆக்சிஜனேற்றி' என்று இங்கிலீஷில் இருந்ததைப் படித்துத் துணுக்குற்று, அதை இரும்பு அலமாரியில், தீபாவளி வாணங்கள் வைக்கும் தட்டில் வைத்துப் பூட்டினார். அந்தப் பூட்டைத் திறக்க மண்டல அதிகாரியின் கையெழுத்து வேண்டும்.

"ரெண்டையும் சேர்த்துக் குடுத்துருங்க சார்" என்றான் சிவசங்கரன்.

"ஓய், என்ன பேசறீர்? ஒரு வேலைக்கு ஒரு சாமான். மொதல் சாமானை உபயோகப்படுத்தினதுக்குச் சான்று வந்தாத்தான் அடுத்த சாமான். அந்தச் சான்று மண்டல ஆபீஸ் போய், சீல் வாங்கிண்டு, இங்க வந்து சேர எட்டு நாள்."

"எட்டு நாள் கழிச்சுப் பொடி கிடைக்குமா?"

"பேஷாக் கெடைக்கும். ஆனா வாணத் தட்டுலேர்ந்து எடுத்த சாமானை அன்னிக்கே தீர்த்துடணும். வச்சுக்கப்படாது. இதெல்லாம் உம்ம பாதுகாப்புக்குத்தான்."

எட்டு நாள்தானே, உப்பு தண்ணீரில் தூங்கட்டும் என்று சிவசங்கரன் நினைத்துக்கொண்டான். தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பியாயிற்று. ஒரு பங்கு உப்பை அளந்து போட்டான். புட்டியில் ஆறு பங்குதான் இருந்தது. இன்னும் ஐந்து இருக்கிறதே என்று அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒச்சாயி விளக்குமாறோடு வந்தாள். மாளிகையில் தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாம் அவள் வேலை. பிடிப்பதும் அவள்தான், கொட்டுவதும் அவள்தான். வந்தவள் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கினாள்.

"ஒச்சாயி! என்ன பண்றே?"

"வெள்ளிக்கெழம ஆச்சுல்ல சாரு."

"அதுக்கு?"

"வெள்ளிக்கெழம எங்கிட்டும் தண்ணி நிக்கக் கூடாதாம்ல. கொசுக்கு ஆகாதாம். ஒலர் நாளாம். பூந்தொட்டி, கோழித்தொட்டி, வாளி, அம்புட்டையும் கவுக்கணும். 'நின்ற நீர் இல்லை'ன்னு நீங்கதேன ஒவ்வொரு வாரமும் காயிதம் எழுதிப் போடுறீக?"

அது உண்மை. மாளிகையிலிருந்து மண்டல அலுவலகத்துக்கு வாரந்தோறும் அந்தக் கார்டைப் போடுபவன் அவனேதான்.

தண்ணீர் போயிற்று, அதோடு உப்பும் போயிற்று. சனிக்கிழமை புதுத் தண்ணீர் வந்தது. அடுத்த புதன்கிழமை பொடி வந்தது. உப்பில்லாத தண்ணீரில் பொடியைப் போட்டுவிட்டு, தாளில் சொன்னபடி அரைமணி நேரம் காத்திருந்து, சொட்டு மருந்து விட்டான். குழாயில் தண்ணீர், தண்ணீராகவே இருந்தது. 'முடிவு: வெள்ளை' என்று அறிக்கை போனது. அந்த அறிக்கை சீல் வாங்கி வந்தால்தான் அடுத்த உப்பு.

இரண்டாம் சுற்றும் வெள்ளை. வெள்ளிக்கிழமையை மட்டும் தொட்டிக்குத் தள்ளுபடி செய்யும்படி சிவசங்கரன் ஒரு விண்ணப்பம் எழுதினான். கைலாசநாதன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேஜைமேல் ஒரு தடித்த ஆங்கில அகராதி விரித்துக் கிடந்தது.

"மிஸ்டர் சிவசங்கரன், புரோமின்னா என்ன அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது சார்."

"கிரேக்க பாஷையில நாற்றம். துர்நாற்றம்!" கண்ணாடியைக் கழற்றினார். "எங்கிட்ட இதை யாருமே சொல்லல. நாளைக்கு ஒரு வி.ஐ.பி. இங்க தங்கி, மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனா யார் பதில் சொல்றது? நான் கொசு விஷயத்துலயும் கறார், நாத்த விஷயத்துலயும் கறார். ரெண்டுக்கும் நடுவுல குளிக்கிற விஷயம் ஏதாவது இருந்தா அதைப் பத்தி எனக்கு ஆட்சேபணை இல்ல."

மறுநாளே 'முகர்தல் பதிவேடு' என்று ஒன்று வந்தது. சிவப்பு அட்டை, இருநூறு பக்கம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, மணிக்கு ஒருமுறை, பொறுப்பாளர் தொட்டியருகே குனிந்து முகர்ந்து, வந்த வாடையைத் தம் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தண்ணீர் இல்லாத நாட்களுக்கும் விலக்கு இல்லை; சனி மத்தியானத்துக்கும் ஞாயிறுக்கும் மட்டும் உண்டு.

சிவசங்கரன் முகர ஆரம்பித்தான். 'ஆறு மணி: வாடை இல்லை. ஏழு மணி: வாடை இல்லை. எட்டு மணி: சாம்பார், சமையலறையிலிருந்து.' சாம்பாருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. அதற்குப் பிறகு எட்டு மணிக்கும் வாடை இல்லாமல் போயிற்று. மாளிகையில் தங்க வந்த ஒரு நீதிபதி, இரண்டு நாள் இவனை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அந்தப் பையனுக்கு வீட்டுல யாரும் இல்லையா?" என்று ஹாலாஸ்யத்திடம் விசாரித்தார்.

"இருக்கா. பேரையூர்ல" என்றார் ஹாலாஸ்யம்.

பங்குனி பிறந்தபோது ஐந்து பங்கு உப்பு திருப்பரங்குன்றம் சாலைச் சாக்கடையில் கலந்திருந்தது. புட்டியின் அடியில் ஒரு பங்கு மிச்சம். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து தந்தி வந்தது. இயக்குநரே நேரில் வந்து தொட்டியைத் துவக்கிவைக்கப் போகிறார். நாள், சித்திரை மாதம் முதல் வெள்ளிக்கிழமை. முகூர்த்த நாள்.

கைலாசநாதன் சிவசங்கரனைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"அஞ்சு முடிவு வந்திருக்கு. அஞ்சும் வெள்ளை. ஒரு பொறுப்பாளர் மனசு வச்சா இப்படி வருமா? உங்க மனசு பேரையூர்ல இருக்கு. அதான் காரணம்னு நான் நோட் போட்டிருக்கேன். ஆறாவதும் வெள்ளையா இருந்தா, உங்க மாற்றல் மனுவை இந்த ஜன்மத்துக்கு நான் திறக்கப் போறதில்ல. மஞ்சள் வந்தா..."

"வந்தா சார்?"

"பார்ப்போம்."

அந்தத் திங்கட்கிழமை கடைசிப் பங்கு உப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிவசங்கரன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். போட்டால் வெள்ளிக்கிழமை போய்விடும். போடாவிட்டால் மெமோ. ஒச்சாயி நடைபாதையைப் பெருக்கிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"என்ன சாரு, பிரசாதம் வாங்குனவுக கணக்கா கையில வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டீக?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். உப்பு தூங்குவது, பொடி எழுப்புவது, எட்டு நாள், நடுவில் வெள்ளிக்கிழமை. ஒரே தண்ணீரில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னான். ஒச்சாயி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"இம்புட்டுத்தேனா? இதுக்கா ரெண்டு மாசமா நாய் கணக்கா மோந்துக்கிட்டுத் திரியுறீக? வெள்ளிக்கெழம காய வேண்டியது தொட்டியா, தண்ணியா?"

"தொட்டி."

"பெறகென்ன! எங்க தெருவுல ஒருநாள் விட்டு ஒருநாத்தேன் தண்ணி வரும். தொட்டியக் கழுவணும்னா தண்ணியவா ஊத்திருவோம்? மூடி போட்ட ட்ரம்முல எறைச்சு வச்சுட்டு, கழுவிட்டு, அதே தண்ணியத் திருப்பி ஊத்துவோம். மூடி கெடந்தா கொசு எங்கிட்டுப் போவும்? பின்னால கொட்டாயில ஆறு ட்ரம்மு சும்மாத்தேன் கெடக்கு. போடுங்க உப்ப!"

சிவசங்கரனுக்கு அழுகை வந்தது. ஒரு டீச்சரைக் கட்டியவன், இருபத்தாறு வருஷ சர்வீஸ்காரரோடு வேலை பார்ப்பவன், மூன்று மாதமாக இதை யோசிக்கவில்லை. யோசிக்கும்படி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

உப்பைப் போட்டான். வெள்ளிக்கிழமை காலை ஒச்சாயியும் அவனும் எழுபத்து மூன்று குடம் இறைத்தார்கள். ஆறு ட்ரம்மும் நிரம்பின; ஆறுக்கும் மூடி. தொட்டி பளிச்சென்று காய்ந்தது. 'நின்ற நீர் இல்லை' என்று கார்டு போனது. சனிக்கிழமை காலை எழுபத்து மூன்று குடமும் திரும்பி வந்தன. சிவசங்கரனுக்குத் தோள் இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் பேரையூரில், கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்ற முடியாமல் நின்றவனை ஸ்யாமளா பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணினாள்.

"யாரு சொன்ன யோசனை?"

"ஒச்சாயி."

"அந்தம்மாவை எங்க ஸ்கூலுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ்ஸாப் போடணும்" என்றாள்.

புதன்கிழமை பொடி வந்தது. ஹாலாஸ்யம்கூடத் தம் நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார். ஹீட்டருக்குத் தேவையான மின்சாரம் வெளிநாட்டு மின்சாரமாம். மதுரை மின்சாரத்தை அது மதிக்கவில்லை. ஆனால் சித்திரை வெயில் எந்த ஊர் ஹீட்டருக்கும் இளைத்ததல்ல. தண்ணீர் தானாகவே வெதவெதவென்று இருந்தது. பொடியைத் தூவினான். அரைமணி நேரம். குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டான்.

மஞ்சள். கல்யாணப் பத்திரிகை மூலையில் தடவுவார்களே, அந்த மஞ்சள்.

ஒச்சாயி குலவை போட்டாள். ஹாலாஸ்யம் தம்மையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஒச்சாயி சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, வெடித்த பாதங்கள் இரண்டையும் உள்ளே விட்டாள்.

"பித்தவெடிப்புக்கு எதமாத்தேன் இருக்கு சாரு."

அந்தத் தொட்டியின் தண்ணீரில் இறங்கிய மனிதப் பிறவி இன்றுவரை அவள் ஒருத்திதான். பதிவேட்டில் இது ஏறவில்லை.

சிவசங்கரன் குழாயை எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்கு ஓடினான். கைலாசநாதன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். எழுந்து கை குலுக்கினார்.

"பிரமாதம்! தமிழ்நாட்டுலயே நம்ம துறையில புரோமின் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். உங்களைப் போய் விடுவேனா? தொட்டி இருக்கிற வரைக்கும் நீங்க இங்கதான். நிரந்தரப் பொறுப்பாளர்னு இன்னிக்கே நோட் போடுறேன்."

"சார், மாற்றல் மனு..."

"பார்த்தாச்சு. மூடியாச்சு. விதி நூற்றுப் பதினாலு."

அன்று மாலை சிவசங்கரன் பேரையூர்ப் பள்ளிக்கு டிரங்க் கால் போட்டான். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் நின்றுகொண்டு ஸ்யாமளா எல்லாவற்றையும் கேட்டாள். "விதியை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். சொன்னான். "சரி, வெள்ளிக்கிழமை கேஷுவல் லீவு போட்டுட்டு வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம்தான் ஹாலாஸ்யத்துக்கு ஒரு விஷயம் உறைத்தது. துவக்க விழா நாளை. நாளை வெள்ளிக்கிழமை. உலர் நாள். கைலாசநாதனுக்குப் போன் போயிற்று. அவர் விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டினார். பிறகு, "இயக்குநரை வச்சுக்கிட்டே விதியை மீறினா, அப்புறம் இந்தத் துறை எதுக்கு?" என்றார்.

எழுபத்து மூன்று குடமும் மறுபடி ட்ரம்முக்குப் போயின.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பந்தல், மைக், நாதஸ்வரம். நடுவில், வாழைமரமும் சீரியல் பல்பும் கட்டி, எலும்பாகக் காய்ந்து, வெயிலில் மின்னிக்கொண்டு வெந்நீர்த் தொட்டி. கடைசி வரிசையில் ஸ்யாமளா, கொண்டையில் இரண்டு முழம் மல்லிகையோடு உட்கார்ந்திருந்தாள். சிவசங்கரன் தொட்டிக்குப் பக்கத்தில் பதிவேட்டோடு நின்றான். பத்து மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் குனிந்து முகர்ந்தான். கூட்டம் கை தட்டியது.

கைலாசநாதன் வரவேற்றுப் பேசினார். "பெரியோர்களே! இந்தத் தொட்டியை நன்றாகப் பாருங்கள். ஒரு கொசு உண்டா? ஒரு கிருமி உண்டா? துர்நாற்றம் உண்டா? ஒரு சொட்டுத் தண்ணீர் உண்டா? இரவு பகலாக உழைத்து இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இது ஒரே நாளில் வந்ததல்ல. ஐந்து முறை தோற்றோம். ஆறாவது முறை மஞ்சள் கண்டோம். கண்டதும் இறைத்துவிட்டோம். எங்களுக்கு வெற்றி முக்கியமல்ல, விதிதான் முக்கியம்!"

இயக்குநர் ரிப்பனை வெட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டிக்குள் இறங்கி, போட்டோவுக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்தார். யாரோ தோளில் ஒரு துண்டைப் போட்டார்கள். எழுந்தபோது வேர்த்திருந்தது, அதையும் நல்ல அறிகுறியாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உள்ளேயே நின்றுகொண்டு மைக்கை வாங்கினார்.

"நான் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் என்ன செய்கிறார்கள்? தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றிவிட்டு, அதைச் சுத்தமாக வைக்கப் படாதபாடு படுகிறார்கள். நம் துறை மூலகாரணத்தையே நீக்கியிருக்கிறது. தண்ணீரே வேண்டாத வெந்நீர்த் தொட்டி! இதை நகரத்தில் வைத்துக்கொண்டு என்ன பெருமை? நகரத்தில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இல்லாத ஏழைக் கிராமத்தானுக்கல்லவா இது முதலில் போய்ச் சேர வேண்டும்? கைலாசநாதன்! இந்த மண்டலத்திலேயே ரொம்ப வறண்ட இடத்தில் இருக்கும் நம் விடுதி எது?"

கைலாசநாதன் எழுந்தார். "அதற்கு ஒரு ஆய்வுக் குழு அமைத்து..."

"பேரையூர் சார்!"

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சையும் நிமிர்ந்து உட்கார வைக்கிற குரல் அது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஸ்யாமளா எழுந்து நின்றிருந்தாள். "பேரையூர்ல பத்து நாளைக்கு ஒருக்காத்தான் சார் தண்ணி வருது. பின்தங்கிய பகுதின்னு அரசாங்கமே எழுதியிருக்கு."

"மக்கள் குரல்!" என்றார் இயக்குநர். "அறிவித்துவிட்டேன். இந்தத் தொட்டி வரும் திங்கட்கிழமை பேரையூர் போகும்."

கைதட்டல் அடங்குவதற்குள் கைலாசநாதன் சிவசங்கரன் பக்கம் சாய்ந்து, "தொட்டி போகட்டும். உங்களை நான் விடல" என்று மெதுவாகச் சொன்னார்.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு. ஹாலாஸ்யம் கையில் விதிப் புத்தகத்தோடு நின்றார். "சார், மன்னிக்கணும். பொருள் ஓரிடத்திலும் பொறுப்பாளர் ஓரிடத்திலும் இருக்கப்படாது. இவர் ஃபைல்ல மட்டும் நீங்களே எட்டு தடவை எழுதியிருக்கேள். இயக்குநர் இங்கதான் இருக்கார். வேணும்னா கேட்டுடலாமா?"

கைலாசநாதன் புத்தகத்தைப் பார்த்தார். தொட்டிக்குள் நின்று மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த இயக்குநரைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். இருபது வருஷத்தில் அவ்வளவு வேகமாக ஒரு மாற்றல் உத்தரவு அந்தத் துறையில் எழுதப்பட்டதில்லை; அதில் அவர் முகம் வாடியதைப்போல் வேறெதிலும் வாடியதுமில்லை.

"அப்ப அந்த ஆறு ட்ரம்மு மஞ்சத் தண்ணி?" என்று கேட்டாள் ஒச்சாயி, எல்லோரும் போன பிறகு.

"நீயே வச்சுக்க ஒச்சாயி."

"குளிக்கிற ரூமு பாசியத் தேச்சுக் கழுவிப்புடுறேன். போயிட்டு வாங்க சாரு. அந்தம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க. நல்ல கொரலு!"

பேரையூர் பயணியர் விடுதிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தொட்டி இறங்கியது. இறக்கிய நாளிலிருந்து அதில் தண்ணீர் நின்றதில்லை. வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, ஏழு நாளும் அங்கே உலர் நாள்தான். சிவசங்கரன் வாரந்தோறும் 'நின்ற நீர் இல்லை' என்று மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் கார்டு போட்டான். மண்டலத்திலேயே முதலிடம் என்று ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

முகர்தல் பதிவேடு மட்டும் தொடர்ந்தது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து ஒருநாள், மண்டல அலுவலகத்திலிருந்து சிவப்புக் கோடிட்ட உறையில் ஒரு கேள்வி வந்தது. அதை அவன் சாயங்காலம் தொட்டிக்குள் உட்கார்ந்து படித்தான். எதிரே, காலை நீட்டிக்கொண்டு, மடியில் விடைத்தாள் கட்டோடு ஸ்யாமளா.

"உரக்கப் படிங்க."

"'முகர்தல் பதிவேட்டைப் பரிசீலித்ததில், நாள்தோறும் காலை ஆறு மணிக்கு 'காபி' என்றும், மாலை ஆறு மணிக்கு 'மல்லிகை' என்றும் காணப்படுகிறது. மேற்படி வாடைகள் துறையால் அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. இவை புரோமினால் ஏற்பட்டவையா? காரணம் தெரிவிக்கவும்.'"

"என்ன எழுதப் போறீங்க?"

"உள்ளதை எழுதினா புரியாதே அவருக்கு."

ஸ்யாமளா விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தாள். அவன் கையிலிருந்து தாளை வாங்கி, விடை திருத்துகிற சிவப்பு மையினாலேயே, பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதுவதுபோல் முத்து முத்தாக எழுதினாள்: 'இரண்டையும் ஒரே தொட்டியில் சேர்த்து வைத்ததன் விளைவு. வேறு காரணம் இல்லை.'

எழுதிவிட்டு நீட்டினாள். மணி ஆறாகியிருந்தது. சிவசங்கரன் விதிப்படி குனிந்து ஒருமுறை முகர்ந்துவிட்டு, கடிதத்தின் அடியில் போடுகிற அதே ஆசையோடு கையெழுத்துப் போட்டான்.